சத்தத்துக்குப் பயந்து கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீரைத் தேக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுப் பட்டறை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஏர் கம்ப்ரஸரில் (காற்றை அமுக்கித் தேக்கிவைக்கும் மெஷின்) டேங்கில் சேரும் தண்ணீரை வேலை முடிந்ததும் வெளியேற்றிவிட வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது. சரியான அறிவுரைதான். ஆனால் வீட்டில் கம்ப்ரஸர் வைத்திருக்கும் பலர் இதைச் செய்வதே இல்லை. நான் பார்த்தவரை அதற்குச் சத்தம்தான் காரணம். மரவேலையோ ஸ்பிரே பெயின்ட்டோ முடிவதற்கு இரவு ஒன்பது மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் தண்ணீரை வெளியே விடும் டிரெயின் வால்வைத் திறந்தால் சீறுகிற சீறலில் பக்கத்து வீட்டுக் குழந்தை அலறி எழுந்துகொள்ளும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். மறுநாள் இரவும் இதே கதைதான்.

சென்னை போன்ற கடற்கரை ஊரில் இப்படி விடக் கூடாது. வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீராவி இருக்கும். அதை 8 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தத்துக்கு அமுக்கி ஆறவிட்டால் மூன்று, நான்கு கிராம்தான் ஆவியாகத் தங்கும். மற்றதெல்லாம் தண்ணீராக இறங்கிவிடும். நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்று இழுக்கும் சின்ன மெஷின் ஒரு மணி நேரம் ஓடினாலே டேங்கிலும் ஹோஸிலுமாக 100 மில்லி அளவுக்குத் தண்ணீர் சேரும். அது டேங்கின் அடியில் கிடந்து தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் புதுசு போலப் பளபளக்கும். உள்ளே தகடு மெலிந்துகொண்டே போகும். அப்படி மெலிந்த டேங்க் என்றைக்காவது அழுத்தம் தாங்காமல் வெடித்தால், பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

இந்தச் சத்தத்தைக் குறைக்க முதல் வழிக்குக் காசே வேண்டாம். மோட்டாரை நிறுத்திவிட்டு, மிச்சமிருக்கும் காற்றை வேலையிலேயே செலவழித்து, அழுத்தம் காட்டும் கேஜின் முள் 1 கிலோவுக்குப் பக்கத்தில் இறங்கியதும் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். 50 லிட்டர் டேங்க் 8 கிலோவில் இருந்தால் சுமார் 400 லிட்டர் காற்று அந்தச் சின்ன ஓட்டை வழியாக வெளியேற வேண்டும். 1 கிலோவில் 50 லிட்டர்தான். இன்னொன்றும் உண்டு. கேஜ் ஏறக்குறைய 0.9 கிலோவுக்கு இறங்கும் வரை, ஓட்டையில் காற்று ஒலியின் வேகத்திலேயே பாய்கிறது. காதைக் கிழிக்கும் சீறல் அதனால்தான் வருகிறது. அதற்குக் கீழே வேகம் குறையக் குறைய, சத்தம் அதைவிட வேகமாக அடங்கிவிடும். தண்ணீரைத் தள்ளிவிட 1 கிலோ தாராளமாகப் போதும். காற்று முழுவதையும் காலி செய்துவிட்டுத் திறந்தால் தண்ணீர் லேசில் வராது; டேங்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, அந்த வால்வு இருக்கும் இடம். டேங்கின் வயிற்றுக்கு அடியில் கையை நுழைத்துத் திருகும்படிதான் பல மெஷின்களில் வைத்திருக்கிறார்கள். கேஜ் பூஜ்யத்தில் இருக்கும்போது, கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய வால்வைக் கழற்றி அங்கே ஒரு எல்போவும் (வளைவு இணைப்பு) சிறு பைப்பும் போட்டு, முனையில் கைப்பிடியைத் திருப்பித் திறக்கும் பால் வால்வைப் (ball valve) பக்கவாட்டில் கொண்டுவந்துவிடலாம். மாட்டும் உருப்படி எல்லாம் டேங்கின் அழுத்தத்தைத் தாங்கும் உலோகமாக இருக்க வேண்டும். பிவிசி கூடவே கூடாது. பால் வால்விலிருந்து ஒரு ஹோஸ் இழுத்து, பழைய பெயின்ட் வாளியில் பனியன் வேஸ்ட்டை நிறைத்து அதற்குள் விட்டால், காற்று துணிக்குள் சிதறி வேகம் இழந்து 'புஸ்' என்று அடங்கும். தண்ணீரும் தரையில் தெறிக்காது. ஹோஸைக் கிளிப் போட்டு இறுக்கி, வாளியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும்; இல்லாவிட்டால் அது துள்ளி முகத்தில் அடிக்கும். மூடி போட்ட கேனிலோ பாட்டிலிலோ மட்டும் விடாதீர்கள். காற்று வெளியேற வழியில்லாமல் வெடித்துவிடும். ஆயில் போட்டு ஓடும் மெஷின் என்றால் வரும் தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கும். செடிக்கோ மழைநீர்க் கால்வாய்க்கோ அது போகக் கூடாது.

கடைகளில் விற்கும், பொடிப் பித்தளை மணிகளை ஒட்டிச் செய்த சைலன்சரை நேராக டிரெயின் வால்வில் மாட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வறண்ட காற்றுக்கு அது அருமையான சாமான். துருத் தண்ணீர் பட்டால் அந்தப் பொடி ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும். சத்தம் வரவில்லை என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம், தண்ணீர் உள்ளேயே கிடக்கும்.

மோட்டார் நிற்கும்போதெல்லாம் வரும் சின்ன 'டுஸ்' வேறு விஷயம். பம்ப் தலையில் தங்கிய காற்றை அன்லோடர் வால்வு விடுகிறது, அவ்வளவுதான். அதை அடைத்துவிடாதீர்கள், அடுத்த முறை மோட்டார் திணறும்.

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. அடுக்குமாடியில் ஒருவர் புகார் செய்ததும் கம்ப்ரஸரே கூடாது என்று சங்கங்கள் தடை போடுவதை நான் பார்த்திருக்கிறேன். கம்ப்ரஸரை நம்பித் தொழில் செய்பவருக்கு அது பெரிய அடி. தடை போடும் முன் டிரெயின் வால்வில் ஒரு ஹோஸ் மாட்டச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்குள் தண்ணீரை விட்டுவிட வேண்டும் என்று பேசி முடிவு செய்யுங்கள்.

கம்ப்ரஸர் தயாரிப்பவர்களுக்கும் உங்கள் இதழ் வழியாக ஒரு கோரிக்கை. வீட்டு உபயோக மாடல்களில் டிரெயின் வால்வைக் கைக்கு எட்டும் பக்கத்தில், ஹோஸ் மாட்டும் நிப்பிளோடு கொடுங்கள். மெஷின் விலையோடு பார்த்தால் அந்தச் செலவு பெரிதல்ல. 1 கிலோவில் தண்ணீரை விடும் முறையைத் தமிழிலும் எழுதி டேங்கின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
அம்பத்தூர், சென்னை