தெருமுனைக் குப்பைத் தொட்டி: ஏழாவது புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள், குப்பை அள்ளும் ஒப்பந்த நிறுவனம்

ஐயா,

வணக்கம். எங்கள் தெருமுனைத் தொட்டியைப் பதினெட்டு நாட்களாக எடுக்கவில்லை. ஆறு முறை போனில் சொன்னேன். ஆறு முறையும் 'புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி அனுப்பினீர்கள். கடைசிச் செய்தியோடு வந்த படத்தில் காலியான தொட்டி, அதன் பின்னால் பிள்ளையார் கோயில். எங்கள் தெருவில் கோயிலே கிடையாது.

குப்பையை அழுத்தி ஏற்றும் காம்பாக்டர் லாரி பழுது என்றீர்கள், சரி. செவ்வாயன்று அரை நாள் விடுப்பு போட்டு, இரண்டு பஸ் மாறி உங்கள் வட்டார அலுவலகத்துக்கு வந்தேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு, செல்போனிலிருந்து தலை நிமிராமலே அங்கிருந்த நீலச் சட்டை ஊழியர் கேட்டார்: "குப்பை போட்டது நீங்கள்தானே அம்மா, நாங்களா?"

ஆமாம், நாங்கள்தான் போட்டோம். மக்கும் குப்பைக்குப் பச்சைக் கூடை, மக்காததற்கு நீலக் கூடை என்று பிரித்தும் கொடுத்தோம். உங்கள் பேட்டரி வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். (வண்டிக்காரரைக் குறை சொல்லவில்லை, அவருக்குக் கையுறைகூட நீங்கள் கொடுக்கவில்லை.) பிரித்து வாங்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டிலேயே விதி வந்தது உங்களுக்குத் தெரியாததா?

அன்றிரவே அந்தக் குவியலுக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பைகள், உடைந்த பி.வி.சி. குழாய்கள், எல்லாம் எரிந்தன. அதில் டையாக்சின் என்ற நச்சு வரும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜன்னல்களை அடைத்தும் புகை நிற்கவில்லை. ஆஸ்துமாக்காரியான என் அம்மாவுக்கு விடியற்காலை மூன்று மணி வரை நெபுலைசர். அவர் ஆயுளில் பத்து வருடம் அன்றிரவே போயிற்று.

நீலச் சட்டைக்காரரின் பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. தீ எட்டாத ஓரத்தில் கிடக்கும் இளநீர் ஓடுகளில் மழைநீர் நிற்கிறது. குனிந்து பார்த்தால் கொசுப் புழுக்கள் நெளிகின்றன. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். நீங்கள் பதினெட்டு நாள் கொடுத்திருக்கிறீர்கள்! மூன்றாவது வீட்டுப் பையன் ஏற்கெனவே காய்ச்சலில் படுத்திருக்கிறான்.

பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளை எங்கள் தெருவுக்கே கொண்டுவரத்தான் ஒப்பந்தம் எடுத்தீர்களா? திறந்த வெளியில் குப்பை எரித்தால் அபராதம் என்று, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இலேயே உத்தரவிட்டது. அதன் தென்மண்டல அமர்வுக்குப் போக எனக்கு வழி தெரியும். போக வைக்காதீர்கள், தயவுசெய்து.

வியாழக்கிழமைக்குள் வண்டி அனுப்புங்கள். படம் எடுத்தால், எதிரே இருக்கும் என் வீட்டுப் பச்சைக் கேட்டும் அதில் விழட்டும்.

இப்படிக்கு,
தெருமுனை வீட்டுக்காரி