பன்னீர்ச் செம்பை உருக்கும் முன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. அம்மாவின் வெள்ளிப் பன்னீர்ச் செம்பை உருக்கக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. மகளோடு ஆக்ஸ்ஃபோர்ட் போய் வந்த பிறகுதான் எழுத வருகிறது.

1643 ஜனவரி. லண்டனை விட்டு வெளியேறிய இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் ஆக்ஸ்ஃபோர்டில் தங்கி நாடாளுமன்றத்தோடு உள்நாட்டுப் போர் நடத்திக்கொண்டிருந்தார். படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை. கல்லூரிகளின் வெள்ளிப் பாத்திரங்களைக் கடனாகக் கேட்டார். வெறும் வெள்ளிக்கு அவுன்ஸுக்கு 5 ஷில்லிங், தங்க முலாம் பூசியதற்கு 5 ஷில்லிங் 6 பென்ஸ் என்று மதிப்பு வைத்தார். முலாமுக்கு ஆறே பென்ஸ்தான், அரை ஷில்லிங்தான் அதிகம்! தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, தணலில் காட்டி, அந்த நச்சுப் புகையை நெஞ்சில் வாங்கிக்கொண்டு செய்த வேலை அது. செய்கூலியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கிண்ணங்களும் குவளைகளும் நியூ இன் ஹால் நாணயச்சாலையில் காசாகிப் போயின. கடன் திரும்பி வரவே இல்லை.

அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் 1644-இல் தாமஸ் ராலின்ஸ் செதுக்கிய வெள்ளி நாணயம் ஒன்றைப் பார்த்தேன். மன்னர் குதிரைமேல் இருக்கிறார். குதிரையின் வயிற்றுக்குக் கீழே, நகக்கண் அளவில், ஆக்ஸ்ஃபோர்டின் கோபுரங்கள். எந்தக் கல்லூரியின் எந்தக் கிண்ணமோ என்று நினைத்தபடி வெகுநேரம் நின்றேன்.

கார்பஸ் கிறிஸ்டி கல்லூரியோ, 1517-இல் அதை நிறுவிய பிஷப் ரிச்சர்ட் ஃபாக்ஸ் கொடுத்தவற்றைக் காப்பாற்றிவிட்டது. அங்குள்ள சில கரண்டிகளின் காம்பு நுனியில் குட்டி ஆந்தை உட்கார்ந்திருக்கும். கல்லூரிக்குப் பணம் தந்து உதவிய பிஷப் ஓல்டமின் சின்னம் அது. ஆங்கிலத்தில் ஆந்தையின் பெயர் அவர் பெயரின் ஒலியோடு ஒட்டி வரும். ஃபாக்ஸின் முலாம் பூசிய உப்புக் கிண்ணமும் இருக்கிறது. உப்பு வெள்ளியை அரித்துவிடும், தங்கத்தைத் தொடாது. முலாம் வெறும் பகட்டு என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன்.

செம்பை நிறுத்துப் பார்த்து எடையை எழுது. கடைக்காரர் சொல்லும் விலையை நான் அனுப்பிவிடுகிறேன். செம்பு உன் வீட்டிலேயே இருக்கட்டும். உன் பேத்தியின் கல்யாணத்துக்கு நான் வரும்போது அதிலிருந்துதான் எனக்குப் பன்னீர் தெளிக்க வேண்டும்.

உன் அன்பு நண்பன்