கோடை முகாம் படிவத்தின் பின்பக்கம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியதும் எங்கள் வேப்பேரி அச்சகத்தில் திருமணப் பத்திரிகைகள் குறைந்துவிடும். அந்த இடத்தைக் கோடை முகாம் வேலைகள் நிரப்பும்: விடுமுறை வேதாகமப் பள்ளியின் நோட்டீஸ், பதிவுப் படிவம், பேட்ஜ், நிறைவு நாள் சான்றிதழ். இந்த ஆண்டு படிவம் வாங்க வருகிற பலரும் ஒன்றைக் கேட்கிறீர்கள். "ஒரு பக்கம் இருந்த படிவம் ஏன் இரண்டு பக்கமாகிவிட்டது? பின்பக்கத்தில் இத்தனை கேள்விகள் எதற்கு?" ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல நேரம் போதவில்லை. அதனால்தான் இந்த மடல்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதக் காலையில் ஒரு தாய் கடைக்கு வந்தார். கூடவே பத்து வயது மகன். நாங்கள் அச்சடித்த நோட்டீஸ் ஒன்றை மேசைமேல் விரித்து, "எல்லாப் பிள்ளைகளும் வருக" என்ற வரியின்மேல் விரலை வைத்தார். "இதைப் போட்டது நீங்கள்தானே?" என்று கேட்டார். அவருடைய மகனுக்கு ஆட்டிசம். முகாமின் முதல் நாள் பாட்டு வேளையில் ஸ்பீக்கர் முழங்கியபோது பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறியிருக்கிறான். மறுநாள் காலை வாசலிலேயே, "மற்ற பிள்ளைகள் பயப்படுகிறார்கள், இனி அனுப்ப வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது எந்தத் திருச்சபை என்பதை நான் எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் இரக்கமில்லாதவர்களும் அல்லர், ஆயத்தம் இல்லாதவர்கள். ஆனால் அந்த வரியைச் சிவப்பு மையில், பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தது நாங்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேப்பேரியில் அச்சுத்தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கைப்பற்றிய அச்சு இயந்திரம், இங்கே ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி பெப்ரிசியஸ் ஐயர் கையில்தான் ஒப்படைக்கப்பட்டது. சொல்லை அச்சில் ஏற்றினால் அது நிற்க வேண்டும் என்று எண்ணிய மனிதர்கள் உழைத்த தெருக்கள் இவை. அதனால் அந்த ஆண்டே முடிவெடுத்தோம்: "எல்லாப் பிள்ளைகளும் வருக" என்று நோட்டீஸில் போடச் சொல்லும் எவரிடமும், "எப்படிச் சேர்த்துக்கொள்ளப் போகிறீர்கள்?" என்று கேட்காமல் அந்த வரியைக் கோக்கமாட்டோம். படிவத்தின் பின்பக்கம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

இந்த முகாமைப் பற்றி முன்பின் தெரியாத குடும்பங்களும் எங்களிடம் படிவம் வாங்குகிறீர்கள். இந்து வீட்டுப் பிள்ளைகளும் இஸ்லாமிய வீட்டுப் பிள்ளைகளும் பல தெருக்களில் வந்துபோகிற முகாம் இது. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். இது கிறிஸ்தவ முகாம். பெரும்பாலும் பத்து நாள், காலை வேளை மட்டும். ஜெபம் உண்டு, அபிநயப் பாட்டு உண்டு, வேதாகமக் கதை, மனப்பாட வசனம், கைவேலை, தின்பண்டம், விளையாட்டு எல்லாம் உண்டு. உங்களுக்கு அது சம்மதமா என்று யோசித்தே அனுப்புங்கள். என்ன கதை சொல்வார்கள், என்ன பாட்டு என்பதை முன்கூட்டியே கேளுங்கள். பாட்டுப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். கடைசி நாளில் பிள்ளைகளைக் கைதூக்கச் சொல்லி, தங்களை இயேசுவுக்கு "ஒப்புக்கொடுக்க" அழைக்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. பெற்றோருக்குத் தெரியாமல் ஒரு சிறு பிள்ளையிடம் அப்படிக் கேட்பது தவறு என்பது என் கருத்து. நான் திருச்சபையில் வளர்ந்தவன். அந்த உரிமையோடு இதை எழுதுகிறேன்.

இந்த விடுமுறை வேதாகமப் பள்ளியின் தொடக்கத்தையும் சொல்ல வேண்டும். 1898இல் நியூயார்க் நகரில், கோடை விடுமுறையில் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காக எலைசா ஹாஸ் என்ற பெண்மணி நடத்தியதைத்தான் இதன் முதல் வடிவம் என்கிறார்கள். வீட்டிலும் இடமில்லாமல் வெளியிலும் எவருக்கும் வேண்டாமல் இருந்த பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, ஒரு பிள்ளையை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினால் அது தன் தாயையே மறந்ததாகும்.

இனி, படிவம். பழைய படிவத்தில் "ஏதேனும் நோய் உண்டா?" என்று ஒரு வரி இருந்தது. எதிரே அரை அங்குல இடம். பெற்றோர் பலரும் அங்கே "இல்லை" என்று எழுதினார்கள். உண்மையை எழுதினால் பிள்ளையைச் சேர்க்கமாட்டார்களோ என்ற அச்சம். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதன் விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது. கேள்வியே பிழை என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. ஆட்டிசம் நோய் அன்று, செவித்திறன் குறைவும் நோய் அன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7தான் இருந்தன. அரை அங்குலத்தில் எதை எழுத முடியும்?

புதிய படிவத்தின் மெய்ப்பைத் திருத்திக் கொடுத்தவர் அந்தத் தாய்தான். நாங்கள் மருந்து, வலிப்பு, ஒவ்வாமை என்று தொடங்கியிருந்தோம். அவர் எல்லாவற்றையும் கீழே தள்ளி, முதல் கேள்வியாக "உங்கள் பிள்ளைக்கு எது மிகவும் பிடிக்கும்?" என்று எழுதினார். அவர் மகனுக்குப் பஸ் பிடிக்கும். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகிற 29சி என்றால் உயிர். சென்ற ஆண்டு வேறொரு சபையின் முகாமில் அவனோடு உட்கார்ந்த கல்லூரி மாணவர் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, முகாமின் நிகழ்ச்சிநிரலையே பஸ் வழித்தடமாக வரைந்தார். முதல் நிறுத்தம் பாட்டு, அடுத்தது கதை, பிறகு கைவேலை, தின்பண்டம், விளையாட்டு. கடைசி நிறுத்தம் அம்மா. ஒவ்வொரு நிறுத்தம் முடிந்ததும் பையனே பென்சிலால் அடித்துவிடுவான். அடுத்து என்ன என்று தெரிந்துவிட்டால் அவனுக்குப் பாதி பயம் போய்விடுகிறது. பாட்டு வேளையில் மட்டும் மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, தானாக எழுந்துவந்து கதவோரம் நின்று கேட்டானாம். அந்த வழித்தட அட்டையை நாங்கள் இப்போது படங்களோடு அச்சடித்து வைத்திருக்கிறோம். எந்தச் சபை கேட்டாலும் இலவசம்.

சேர்க்கும் முன் நீங்களும் முகாம் நடத்துகிறவர்களைக் கேள்வி கேட்க வேண்டும். தயங்க வேண்டாம். சத்தம் தாங்காத பிள்ளைக்கு ஒதுங்கி உட்கார அமைதியான அறை இருக்கிறதா? மண்டபம் மாடியில் என்றால் சக்கர நாற்காலி எப்படி ஏறும்? சரிவுப் பாதை இருக்கிறது என்பார்கள். நேரில் போய்ப் பாருங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவரும் உட்கார்ந்திருப்பவரும் படும் பாட்டை ஒருநாள் பார்த்தால் தெரியும். கழிப்பறைக் கதவு 90 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். காது கேளாத பிள்ளை என்றால், பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படி நிற்பார்களா, சைகைமொழி தெரிந்தவர் உண்டா என்று கேளுங்கள்.

சென்னையின் வெயிலைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2003 மே 31 அன்று இந்த நகரம் 45 டிகிரியைப் பார்த்தது. தாகம் என்று வாய்திறந்து கேட்கத் தெரியாத பிள்ளைக்கு, அரைமணிக்கு ஒருமுறை யாராவது தண்ணீர் கொடுத்தாக வேண்டும். சில வலிப்பு மருந்துகள் வியர்வையைக் குறைத்துவிடும். அப்படிப்பட்ட பிள்ளையின் உடல் சூடு சட்டென்று ஏறும். மருந்தின் பெயரைப் படிவத்தில் எழுதுங்கள், மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதையும் அச்சடித்திருக்கிறோம்: ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், 5 நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கையில் சாவிக்கொத்து கொடுத்தால் வலிப்பு நிற்காது. இன்றும் ஓடிப்போய்ச் சாவி எடுத்துவருகிறவர்கள் இருப்பதால் அழுத்தி எழுதுகிறேன்.

கழிப்பறைக்கு உதவி தேவைப்படும் பிள்ளைக்கு யார் உதவுவார் என்பதைப் பெயரோடு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பூட்டிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கும் நிலை எந்த முகாமிலும் வரக்கூடாது. பேசத் தெரியாத பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். தப்பு நடந்ததாகத் தெரியவந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சபைக்குள் பேசி முடித்துக்கொள்கிற காரியம் அன்று அது. குழந்தைகள் உதவி எண் 1098 ஒவ்வொரு பேட்ஜின் பின்புறமும் இருக்கும். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எந்தப் பிள்ளையின் படத்தையும் நோட்டீஸிலோ பேனரிலோ அச்சடிக்கமாட்டோம். ஆயர் ஐயாவே கேட்டாலும் இதே பதில்தான்.

"தாய் கூடவே இருந்தால் சேர்த்துக்கொள்கிறோம்" என்று சில முகாம்களில் சொல்கிறார்கள். முதல் இரண்டு நாள் என்றால் சரி. பத்து நாளும் என்று நிபந்தனை போட்டால், அந்த முகாம் பிள்ளையை ஏற்றுக்கொள்ளவில்லை, தாயை வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. ஆண்டு முழுக்க ஒரு மணிநேரம்கூட ஓய்வில்லாத அந்த அம்மாவுக்கும் மூன்று மணிநேரம் கிடைக்கட்டுமே.

எழுதத் தயங்கிய ஒன்று மிச்சமிருக்கிறது. உங்கள் பிள்ளையை மேடைக்கு அழைத்து, தலையில் கைவைத்து, சுகம் கிடைக்கும்படி எல்லோர் முன்னிலையிலும் ஜெபிப்பார்களா என்று கேளுங்கள். ஜெபத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு, தினமும் ஜெபிக்கிறவன். ஆனால் பத்து நாள் விளையாட வந்த பிள்ளையை, நூறு பேர் முன்னால் திருத்தப்பட வேண்டிய ஒரு பொருளாக நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றுதான் இயேசு சொன்னார். அதே கேள்வியை ஜாடைமாடையாகக் கேட்கிறவர்கள் நம் சபைகளில் இன்னும் இருக்கிறார்கள். எத்தனை தாய்மார் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு சொல் உங்கள் காதில் விழுந்தால், பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நீங்கள் செய்தது சரி.

2022 நவம்பரில் மெரினாவில் கடலருகே போக மரப்பாதை போட்டார்கள். அலை காலில் படும் தூரத்துக்குச் சக்கர நாற்காலியில் போய், வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைத் தொட்டவர்களின் முகங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, திரும்பச் சரிசெய்தார்கள். சபைகளிடம் நாங்கள் கேட்பதும் இதுதான். முதல் ஆண்டு பிசகலாம். பழுதுபார்த்து மறுபடி போடுங்கள்.

படிவத்தை முகாம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கடைசி நாளில் கொடுத்தால் எவரும் படிக்கமாட்டார்கள். முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்திலோ கோட்டூர்புரம் வித்யாசாகர் மையத்திலோ பிள்ளைக்கு மதிப்பீடு செய்திருந்தால் அதன் நகலை இணையுங்கள். மண்டபம் காலியாக இருக்கும் ஒரு மாலையில் பிள்ளையை அழைத்துப்போய் இடத்தைக் காட்டிவிடுங்கள். குடும்பங்களுக்குப் படிவம் இலவசம். எழுத உதவி வேண்டுமானால் கடையில் உட்கார்ந்து நிரப்பலாம், அவசரப்படுத்தமாட்டோம்.

காலை 10 முதல் இரவு 8 வரை திறந்திருக்கிறோம், ஞாயிறு விடுமுறை. எங்கள் வாசலில் அரையடி உயரத்தில் ஒரு படி உண்டு. அதற்கான ஆறடிப் பலகை உள்ளே சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறது. வெளியிலிருந்து ஒரு குரல் கொடுங்கள், கொண்டுவந்து போடுகிறோம்.

இப்படிக்கு,
அச்சகத்தார்,
வேப்பேரி, சென்னை