திங்கட்கிழமை தனியாக நிறுத்தாதே

களுவாஞ்சிக்குடி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். தொலைபேசியில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை.

குடியை விடப்போவதாகச் சொன்னாய். அப்பா உடனே கற்பூரம் வாங்கக் கடைக்குப் போய்விட்டார். எனக்கோ பயம்தான் முதலில் வந்தது. அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னாய்: காலையில் எழும்பியதும் கை நடுங்குகிறது, ஒரு மடக்கு உள்ளே போனால்தான் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடிகிறது என்று. நீ அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாய். எத்தனையோ வருடம் வார்ட்டில் நின்றவளுக்கு அது நோயின் அடையாளம். ஆகவே கடிதத்தின் முதற்பாதியை ஓய்வுபெற்ற தாதி எழுதுகிறாள்.

திங்கட்கிழமை முதல் ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று கொழும்பில் உன் வெள்ளவத்தை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்காதே. சாராயம் மூளையை மந்தப்படுத்தும். நாள் தவறாமல் அரைப் போத்தல் குடிக்கிறவனின் மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன்னை எப்போதும் முறுக்கி வைத்திருக்கும். சாராயம் திடீரென்று நின்றால் முறுக்கு மட்டும் மிஞ்சும். முதல் நாளே நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை. இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சத்திரசிகிச்சை வார்ட்டில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கால் முறிந்து வந்தவராக இருப்பார். குடிப்பவர் என்பதை மனைவி வெட்கத்தில் மறைத்திருப்பார். மூன்றாம் நாள் இரவு, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று சேலைன் ஊசியைப் பிடுங்கி எறிவார். விடிந்ததும் சொந்தக்காரர்கள் நூல் கட்டுவதற்கு ஆள் கூட்டி வருவார்கள். மட்டக்களப்பார் மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று நாடு முழுக்கக் கதை இருக்கிறது. போத்தலோடு ஒட்டியவனைப் பிரித்தெடுத்த மந்திரவாதியை நான் இன்னும் காணவில்லை. டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பது அதற்கு வைத்தியர்கள் வைத்த பெயர். கவனிக்காமல் விட்டால் உயிரைக் கொண்டுபோகும்.

வைத்தியசாலையில் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டயசிபாம் போன்ற, அந்த முறுக்கைத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வருவார்கள். தயமின் என்கிற விற்றமின் பி1 ஊசி போடுவார்கள். நெடுநாள் குடித்தவர்களின் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், முற்றாக வற்றினால் நடையும் ஞாபகமும் கெடும். பெரும்பாலும் ஒரு வாரமளவில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் காசும் இல்லை. ஊருக்கு வா, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நானே கூட்டிப் போகிறேன். அங்கொடை மனநல வைத்தியசாலையை நினைத்து, "அங்கொடைக் கேஸா?" என்று சிரிக்க நாலு பேர் இருப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வைத்தியர் பார்க்கும்வரை நீயாக ஒரேயடியாக நிறுத்தாதே, கூட்டவும் கூட்டாதே, வேளைக்குச் சாப்பிடு. ஒரு தாய் மகனுக்கு இப்படி எழுதுவது அப்பாவுக்குப் பிடிக்காது. அதனால் அவருக்கு இதை வாசித்துக் காட்டவில்லை.

இனி அம்மா எழுதுகிறேன்.

துண்டு வெட்டி வந்த பிறகுதான் உன் பாடு தொடங்கும். வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு வரும், குளிர்த்தி முடிந்த கையோடு மச்சான்மார் பின்வளவில் போத்தலைத் திறப்பார்கள். கலியாண வீடு, செத்த வீடு, சம்பள நாள், ஒன்றுமே இல்லாத ஞாயிற்றுக்கிழமை. சாராயக் கடை பூட்டியிருக்கும் போயா தினத்தில்கூடக் களவாகக் காய்ச்சிய கசிப்பு கிடைக்கும். அப்படி ஒரு பொழுதில் யாருக்கு அழைப்பு எடுப்பாய் என்பதை இப்போதே முடிவுசெய்து வைத்துக்கொள். அந்த ஆள் நானாக இருக்கக்கூடாது.

கோபிக்காதே. எனக்கு நீ பொய் சொல்வாய். அம்மா கலங்கக்கூடாது என்ற அன்பில்தான் சொல்வாய். நானும் உன் குரலில் குழறல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். அது உனக்குத் தெரியும், மெல்ல மெல்ல எனக்கு அழைப்பு எடுப்பதையே விட்டுவிடுவாய். காவல்காரிகளாக மாறிப்போன தாய்மாரையும் மனைவிமாரையும் நான் நிறையக் கண்டிருக்கிறேன். "சோற்றில் கலந்து கொடுக்கிற குளிசை இருக்கிறதாமே, மிஸ்?" என்று காதோடு காதாகக் கேட்பார்கள். டைசல்பிரமைத்தான் கேட்கிறார்கள். அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், இரத்த அழுத்தம் விழும். வைத்தியரின் சொற்படி, தெரிந்து, விரும்பி எடுப்பவருக்கு அது துணை. தெரியாதவனுக்குக் கொடுத்தால் கொலையில் போய் முடியலாம். உன் சோற்றில் நான் எதையும் கலக்கமாட்டேன். உன் பையைத் திறந்து பார்க்கவும் மாட்டேன்.

குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கிறவர்களின் அமைப்பான அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். 1935இல் பில் வில்சன் என்ற நியூயோர்க் பங்குச்சந்தைக்காரர் வேலையாக ஒகையோ மாநிலத்தின் அக்ரன் நகரத்துக்குப் போயிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போன காரியம் கைகூடவில்லை, தங்கிய ஹோட்டலில் மதுச்சாலையின் சத்தம் கேட்கிறது. அவர் உள்ளே போகாமல், தேவாலயங்களுக்குத் தொலைபேசி எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர். இருவரும் பேசிய பேச்சிலிருந்துதான் அந்த அமைப்பு பிறந்தது. பில்லுக்கும் வீட்டில் அன்பான மனைவி இருந்தார், ஆனால் அந்த நேரத்தில் தேவைப்பட்டவர் அதே குழிக்குள் விழுந்தெழும்பிய ஒருவர்.

கொழும்பிலும் அவர்களுடைய கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, முழுப் பெயர் சொல்லத் தேவையில்லை, குடியை விடும் விருப்பம் இருந்தால் போதும். கடவுள் பேச்சு கொஞ்சம் கூடுதலாக இருக்கும், உனக்கு அது ஒத்துவராது என்று தெரியும். பின்வரிசையில் இருந்து மற்றவற்றைக் கேள். கேட்டும் பிடிக்காவிட்டால் கிளினிக்கில் ஆலோசகர் இருப்பார். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கமும் இருக்கிறது. குடிக்கும் வேட்கையைத் தணிக்க நல்ட்ரெக்சோன் என்ற குளிசை இருக்கிறது, ஈரலைச் சோதித்த பிறகு அது உனக்குப் பொருந்துமா என்று வைத்தியரிடம் கேள். எந்த வழி என்றாலும் சரி, கூச்சப்படாமல் உண்மை சொல்ல ஓர் ஆள் வேண்டும். மறுபடி குடித்துவிட்டாலும் முதலில் அந்த ஆளுக்குச் சொல், பிறகு கிளினிக்குக்குப் போ. எனக்கு ஆறஅமரப் பிறகு சொன்னால் போதும்.

பெரிய மாமி வந்திருந்தா. "ஒரு கலியாணத்தைச் செய்து வையுங்கள், தானாகத் திருந்துவான்" என்றா. எவரோ பெற்ற பிள்ளையை உனக்கு மருந்தாக வாங்கித் தர நான் சம்மதிக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். முறைத்துக்கொண்டு போனா.

உதயதேவி ரயிலில் வா, தனியாக வராதே. உன் அறை நண்பனிடம் விஷயத்தைச் சொல்லிக் கூட்டி வா. புறப்படுவதற்கு முன்போ வழியிலோ வலிப்பு வந்தாலும், பேச்சு தடுமாறினாலும், 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும் என்று அவனுக்குச் சொல்லி வை. மட்டக்களப்பு ஸ்டேஷனில் நான் நிற்பேன். அவனுக்கு வாவி நண்டுக் கறி வைக்கலாம் என்று இருக்கிறேன். நண்டு ஒத்துக்கொள்ளாது என்றால் முன்கூட்டியே சொல்.

அன்புடன்,
அம்மா