பேண்ட் பிளானைச் செட்டுக்குள் பூட்டாதீர்கள்

ஹாம் ரேடியோ செட் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வயர்லெஸ் இயக்கும் ஹாம் நான், வேதாரண்யம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைத் துண்டான பேண்டுக்குள் மோர்ஸ் தந்திக் குறி எங்கே, பேச்சு எங்கே என்று பிரித்து வைத்த பட்டியல்தான் பேண்ட் பிளான். அதை மீறினால் சிக்னல் போகாமல் செட்டே காவல் காக்க வேண்டும் என்ற பேச்சு உங்களுக்குப் புதிதல்ல. அந்தக் காவலின் லட்சணத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே பார்த்துவிட்டேன்.

மழைக்கு முன்னால் நாங்கள் நடத்தும் புயல் ஒத்திகை. தென்னந்தோப்பில் கம்பி ஆன்டெனா இழுத்துக் கட்டி, டிராக்டர் பேட்டரியில் செட்டை மாட்டினோம். புதிதாக உரிமம் வாங்கிய தம்பி 7.110 மெகாஹெர்ட்ஸில் மைக்கை அழுத்தினான். ஒரு பீப். திரையில் பூட்டுப் படம். மறுபடி அழுத்தினான், மறுபடி பீப். நாகப்பட்டினத்திலிருந்து எங்களைக் கூப்பிடும் குரல் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொல்ல வழியில்லை. தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று அவன் முகம் சுண்டிப்போயிற்று.

அவன்மேல் தப்பே இல்லை. 7.110 எங்கள் ஆசிய-பசிபிக் மண்டலத்தில் அவசரத் தொடர்புக்கென்று பேசி வைத்த இடம். செட்டுக்குள் இருந்ததோ அமெரிக்கப் பட்டியல், அங்கே 7.125க்குக் கீழே பேச்சுக்கு இடமில்லை. டயலை 7.250க்குத் திருப்பினால் பூட்டு மறைந்துவிட்டது. இந்த பேண்டில் இந்தியாவில் எங்கள் எல்லை 7.200 தான். பேசலாம் என்ற இடத்தில் வாயை அடைத்து, கூடாத இடத்தில் கதவைத் திறந்து வைக்கும் பூட்டு யாருக்கு வேண்டும்?

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் எங்கள் கரையில்தான் ஏறியது. கரண்ட் இல்லை, செல்போன் இல்லை, ரோடெல்லாம் விழுந்த மரம். அப்படியொரு ராத்திரியில் இந்த பீப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியுமா?

பேண்ட் எல்லையைப் பூட்டுங்கள், சரி. அதுகூட அந்தந்த நாட்டு எல்லையாக இருக்கட்டும். பேண்டுக்குள் மோர்ஸ் எங்கே, பேச்சு எங்கே என்பதைப் பூட்டாதீர்கள். எச்சரிக்கை காட்டினால் போதும். தேர்வு எழுதி, விதிமுறை படித்துத்தான் உரிமம் வாங்குகிறோம். தவறினால் பதில் சொல்லப்போவதும் நாங்கள்தான்.

ஒத்திகையிலேயே ஒருவர், “மூடியைக் கழற்றி டயோடை வெட்டிடலாம்” என்றார். சில செட்டுகளில் பேண்ட் எல்லையைக் காப்பது அந்தச் சிறு பாகம்தான்; அதை வெட்டினால் ஹாம் பேண்டுக்கு வெளியேயும் சிக்னல் போகும். ஒழுங்காக இருக்கிறவர்களை அந்த வேலைக்குத் தள்ளுவது உங்கள் பூட்டுதான்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் இன்னொரு ஒத்திகை வைத்திருக்கிறோம். உள்ளே இருக்கும் பூட்டை எடுக்க முறையான ஒரு வழியை அதற்குள் தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வேதாரண்யத்து ஹாம் ஒருவர்