டான்ஸ் பாட்டுல பாடினவங்க பேரையும் போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல 90கள்ல கிளப்பை அதிர வச்ச பாட்டுங்கன்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, ஆசையா படிச்சேன், டிஜே பேரு, புரொடியூசர் பேரு, வருஷம் எல்லாம் இருந்துச்சு, ஆனா பாடின பொம்பளைங்க பேரு ஒண்ணுகூட இல்ல. சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரிங்கிற அமெரிக்க டான்ஸ் குழுவோட 'கானா மேக் யூ ஸ்வெட்' பத்தி இவ்ளோ எழுதியிருக்கீங்க, ராப் பண்ண ஃப்ரீடம் வில்லியம்ஸ் பேரு இருக்கு, "எவ்ரிபடி டான்ஸ் நவ்"னு ஒரு குரல் வந்து விழும்ல, அதைக் கேட்டுதானே உட்கார்ந்தவன் எந்திரிக்கிறான், அது யாருன்னு ஒரு வார்த்தை இல்லையே.

அது மார்த்தா வாஷ். 70கள்லயே சில்வெஸ்டர்ங்கிற டிஸ்கோ பாடகருக்குப் பின்னணி பாடினவங்க, 1982ல வெதர் கேர்ள்ஸ்ங்கிற ஜோடில 'இட்ஸ் ரெயினிங் மென்' பாடினவங்க. சம்பளத்துக்கு டெமோன்னு, அதாவது மாதிரிப் பதிவுன்னு பாடிக் குடுத்த குரலைத்தான் பாட்டுல வச்சாங்க, ஆல்பத்துல பேரு இல்ல, வீடியோல ஸெல்மா டேவிஸ்னு வேற ஒரு பாடகி வாயசைச்சாங்க. மார்த்தா வாஷ் உடம்பு பெருத்தவங்க, டிவிக்கு ஒல்லியா ஒரு ஆள் வேணும்னு நினைச்சிருக்காங்க, வேற என்ன காரணம் இருக்க முடியும். 1991 பிப்ரவரியில அந்தப் பாட்டு அமெரிக்காவுல நம்பர் ஒன், பாடினவங்களோ கோர்ட்டுக்குப் போக வேண்டியதாச்சு. பிளாக் பாக்ஸ்ங்கிற இத்தாலிக் குழுவும் இதையேதான் பண்ணாங்க, 'எவ்ரிபடி எவ்ரிபடி', 'ஸ்ட்ரைக் இட் அப்' ரெண்டும் மார்த்தா வாஷ் குரல், வீடியோல நின்னது கேத்ரின் கினோல்ங்கிற மாடல். கேஸ் போட்டு, சமரசம் ஆகி, கடைசியில எம்டிவில அந்த 'கானா மேக் யூ ஸ்வெட்' வீடியோ ஓடும்போது குரல் மார்த்தா வாஷ்னு எழுத்து போடச் சொல்ற அளவுக்கு வந்துச்சு.

நம்ம சினிமாலயும் ஒருத்தர் பாட இன்னொருத்தர் வாயசைக்கிறதுதான், அதை யாரும் ஏமாத்து வேலைன்னு சொல்றதில்ல, ஏன்னா கேசட் காலத்துல கவர்லயே பாடகர் பேரு இருக்கும், ரேடியோல பாட்டுக்கு முன்னாடியே பாடியவர் இன்னார்னு சொல்லிடுவாங்க. அந்தப் பழக்கத்துல வளர்ந்த வாசகர்களுக்குதான் நீங்க எழுதுறீங்க.

லொலேட்டா ஹாலோவே கதையையும் நீங்க விட்டிருக்கக் கூடாது. 1980ல 'லவ் சென்சேஷன்'னு ஒரு டிஸ்கோ பாட்டு பாடினாங்க, டான் ஹார்ட்மன் எழுதினது. 1989ல பிளாக் பாக்ஸ் அதுலேர்ந்து குரலை வெட்டி எடுத்து, பியானோவும் கிளப்ல போடுற ஹவுஸ் இசையோட பீட்டும் சேர்த்து 'ரைட் ஆன் டைம்'னு விட்டாங்க, பிரிட்டன்ல ஆறு வாரம் நம்பர் ஒன், அந்த வருஷம் அங்க அதிகமா வித்த சிங்கிளே (தனிப்பாட்டு ரெக்கார்டு) அதுதான், அந்த அம்மாவுக்குப் பேரும் இல்ல பைசாவும் இல்ல, சண்டை போட்டுதான் வாங்கினாங்க. ரெண்டே வருஷம் கழிச்சு, 1991ல, அதே 'லவ் சென்சேஷன்' குரலை மார்க்கி மார்க்ங்கிற ராப் பாடகர் 'குட் வைப்ரேஷன்ஸ்'ல வச்சாரு, ஆனா இந்த தடவை லொலேட்டா ஹாலோவே பேரும் சிங்கிள்ல இருந்துச்சு, வீடியோல அவங்களே வந்து நின்னாங்க, அதுவும் அமெரிக்காவுல நம்பர் ஒன். பேரு போட்டதால பாட்டு ஒண்ணும் படுத்துடலயே சார்!

ரீமிக்ஸ் பண்ணவங்களைக் குறைச்சு சொல்றேன்னு நினைக்காதீங்க, எனக்கு அவங்க மேலயும் பெரிய மரியாதை இருக்கு. ராபின் எஸ் பாடின 'ஷோ மீ லவ்' 1990ல வந்தப்போ பெருசா போகல, ஸ்வீடன்ல இருந்து ஸ்டோன்பிரிட்ஜ்ங்கிற டிஜே அந்தக் குரலை மட்டும் வச்சுக்கிட்டு, பழைய பின்னணி இசையைக் கழட்டிட்டு, கோர்க் எம்1 கீபோர்டோட ஆர்கன் சவுண்டை பேஸா போட்டு புதுசா கட்டினாரு, 1993ல அமெரிக்காவுல அஞ்சாவது இடம், பிரிட்டன்ல ஆறாவது இடம். அந்த டொக் டொக்னு வெட்டி வெட்டி வர்ற ஆர்கன் இன்னைக்கு வரைக்கும் எத்தனை பாட்டுல கேக்குது. ஆனா அது மேல ராபின் எஸ் தொண்டை இல்லன்னா அது வெறும் கீபோர்டுதான், அதனால ரெண்டு பேரு பேரும் சேர்ந்து வரணும். நீங்க எழுதினதுல வெறும் 1993 ஹிட்டுன்னு இருக்கு, அதைப் படிச்சுட்டு ஒரு பையன் தேடிப் போய் 1990 வெர்ஷனைக் கேட்டா இதுக்கா இவ்ளோ பில்டப்புன்னு நினைப்பான், எந்த மிக்ஸ்னு, அதாவது ஒரே பாட்டோட எந்த வடிவம்னு சொன்னாதானே சரியா தேடுவான். டிஜேக்கள் போடுற கிளப் மிக்ஸும் ரேடியோல வர்றதும் வேற வேற, கிளப் மிக்ஸ்ல முந்தின பாட்டோட சேர்க்குறதுக்காக ஆரம்பத்துல கொஞ்ச நேரம் டிரம் மட்டும் ஓடும், டப் மிக்ஸ்னா குரல் அங்கங்க ஒரு துண்டுதான் வரும், இதெல்லாம் ஒரே வரில சொல்லிடலாம்.

அடுத்த வாரம் 2000க்கு அப்புறம் வந்த பாட்டுங்க வரும்னு போட்டிருக்கீங்க. அதுல ஒவ்வொரு பாட்டுக்கும் டிஜே பேரு, பக்கத்துலயே பாடினவங்க பேரு, அப்புறம் நீங்க பேசுறது எந்த மிக்ஸ், இந்த மூணையும் தயவுசெஞ்சு போடுங்க. போன வாரப் பாட்டுங்களுக்கும் ஒரு சின்ன பாக்ஸ்ல, மார்த்தா வாஷ், லொலேட்டா ஹாலோவே, ராபின் எஸ்னு பேரு போட்டுட்டீங்கன்னா ரொம்ப சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
திருச்சி