பட்டம் எடுத்த பிறகு?

ஆசிரியருக்கு,

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், விஞ்ஞானப் பட்டம் எடுத்த ஒரு பிள்ளை இருக்கிறாள். சான்றிதழை அவளுடைய அம்மா சேலை மடிப்புக்குள் வைத்து அலுமாரியில் பூட்டியிருக்கிறார். யார் போனாலும் கொழுந்துக் கறை படிந்த கையைத் துடைத்துவிட்டு எடுத்துக் காட்டுவார். சரி, அடுத்து என்ன படிக்கலாம்? அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாயத்துக்கான பட்டப்பின் படிப்பு நிறுவனம் 1975 முதல் இயங்குகிறது; விஞ்ஞானத்துக்கு 1996 முதல். முதுமாணிப் பாடநெறிக்குக் கட்டணம் உண்டு, தோட்டத்துக் குடும்பத்துக்கு அது சுமைதான். ஆனால் நிதி கிடைத்த ஆய்வொன்றில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தால், மாதப்படி வாங்கிக்கொண்டே முதுதத்துவமாணி (எம்.பில்.) என்ற ஆய்வுப் பட்டத்துக்குப் பதிய வழியுண்டு. இது எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. நாங்கள் கொழுந்து பறிக்கும் செடியை எங்கள் பிள்ளைகளே ஆராய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இந்த நிறுவனங்கள் விண்ணப்பம் கோரும்போது அந்த அறிவித்தலைத் தமிழில், முடிவுத் திகதியோடு உங்கள் பத்திரிகையில் போடுங்கள். போன முறை அந்தப் பிள்ளை கேள்விப்பட்டபோது திகதி முடிந்து ஒன்பது நாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஹட்டன்